அக்கா படத்தில் என் முகம்

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு வீடாக வந்துபோன வெளியூர்க்காரர்களைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சாணை பிடிக்கிறவர், ஈயம் பூசுகிறவர், அம்மி கொத்துகிறவர் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியலை எடுத்துவிடுகிறார்கள். பேசும்போதே குரல் கம்மிப்போகிறது. அந்தக் காலம் மாதிரி வருமா என்கிறார்கள். வரவே வேண்டாம் சாமி. அப்படி வந்தவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுச் சுவரில் என்னைச் செத்தவளாக மாட்டிவிட்டுப் போனார். ஐம்பது வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான்.

அவரைப் படக்காரர் என்போம். அவரிடம் கேமரா கிடையாது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், டிரங்குப் பெட்டிகளுக்குள் கிடக்கும் சின்னப் போட்டோக்களை வாங்கிக்கொள்வார். மதுரையில் எங்கேயோ வைத்து அதைப் பெரிதாக்கி, கையால் வர்ணம் தீட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ரெண்டு மாதத்தில் திரும்பக் கொண்டுவந்து தருவார். பத்துப் பேர் நிற்கும் கல்யாணப் போட்டோவிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுப்பார். வெறும் மேலோடு நின்ற கிழவருக்குக் கோட்டு மாட்டிவிடுவார். கேரியரில் பழைய போர்வையில் சுற்றி நாலைந்து மாதிரிப் படங்கள் வைத்திருப்பார். அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஊரில் செத்துப்போனவர்கள்.

செத்தவர்களுக்குத்தான் படம் பெரிதாக்குவது. தேவதானத்தில் அப்போது அதுதான் வழக்கம். உயிரோடு இருக்கிற ஆளைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் ஆயுசு குறையும் என்பார்கள். பட்டாளத்தில் இருக்கிற மகன் அனுப்பிய போட்டோவைக்கூட அரிசிப்பானைக்குள் வைத்திருப்பார்களே தவிர, படக்காரரிடம் கொடுக்க மாட்டார்கள். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் சமீபத்தில் சாவு விழுந்த வீட்டுப் பெண்கள்தான் முதலில் வெளியே வருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து அம்மா வந்தாள்.

அக்கா செத்தபோது அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. மூன்று நாள் காய்ச்சல். முதல் ரெண்டு நாளும் கஷாயத்தில் போயிற்று. மூன்றாம் நாள் வண்டி கட்டி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். சேத்தூர் தாண்டியதும் வண்டி திரும்பிவிட்டது. அன்று சாயங்காலமே புதைத்தார்கள். பெரியவர்கள் செத்தால் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுப்பது உண்டு. பிள்ளைகளுக்கு அதெல்லாம் செய்ய மாட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் அவளை யாரும் தனியாக நிறுத்திப் படம் எடுத்ததில்லை. எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அம்மா அழுததைவிட, முகத்தைத் தேடியதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாவாட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கண்ணை இறுக்கி மூடுவாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்ப ஆட்டுவாள். அக்கா போய் ஒரு வருஷம் இருக்கும், ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "இன்னைக்கு வரமாட்டேங்கா" என்றாள். யார் என்று கேட்டேன்.

"அவ முகம்தான். நேத்துக்கூட வந்துச்சு. ஏட்டி, உனக்கு வருதா?"

எனக்கு வரவில்லை. ஆனாலும் வருது என்றேன். அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது போலிருக்கிறது, கல் பொறுக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அடிக்கடி கேட்பாள். நானும் வருது, வருது என்று சொல்லிவிடுவேன்.

படக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. முன்கூடத்தில் பாய் விரித்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்தாள் அம்மா. அப்பா கதவோரமாக நின்றார்.

"போட்டோ ஏதும் உண்டுமா தாயி?" என்றார் படக்காரர்.

"இல்ல அண்ணாச்சி. போட்டோ இல்லாம படம் எழுத முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "அடையாளம் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

"மாநெறமா இருப்பா" என்றாள் அம்மா.

"கருப்பு" என்றார் அப்பா. "எங்கம்மா நெறம்லா அவளுக்கு."

மூக்கு எடுப்பாக இருக்கும் என்றாள் அம்மா. எங்கே எடுப்பு, சப்பை மூக்குதான் என்றார் அப்பா. கன்னத்தில் மச்சம் ஒன்று உண்டு என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். எந்தக் கன்னம் என்பதில் சண்டை வந்துவிட்டது. இடது என்று அம்மா சத்தியம் செய்தாள். எதிர்க்க உக்காத்தி வச்சு சோறு ஊட்டுனவ நான், எனக்குத் தெரியாதா என்றாள். அப்பா வலது என்பதை விடவில்லை. தோளில் தூக்கி வைத்து அய்யனார் கோவில் அருவிக்குக் கொண்டுபோனவர் அவர்தானாம். படக்காரர் பென்சிலைப் பிடித்தபடி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுட்டி. உனக்குத்தான் வருதே."

தெரியல என்றேன். அம்மா ஓங்கி அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே கிடையாது. "தெனம் வருது வருதுன்னியே" என்று சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

படக்காரர் நோட்டில் புதுத் தாளைப் புரட்டினார். பிறகு, "கண்ணு எப்பிடி இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்ல கண்ணு" என்றாள் அம்மா. "நல்ல கண்ணு" என்றார் அப்பாவும். அதற்கு மேல் ரெண்டு பேராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பெற்று வளர்த்துப் பத்து வருஷம் பார்த்த பிள்ளை. வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒருவருக்கும் அவள் கண்ணைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. படக்காரர் நோட்டை மூடினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்தார்.

"சின்னவளுக்கு அவ சாடை உண்டுமா?"

"ஒரு வயித்துப் புள்ளைகதான" என்றாள் அம்மா.

"அப்ப சின்னவள ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. சாடைக்குத்தான். மிச்சத்த நான் மாத்திருவேன். எத்தனையோ வீட்டுக்கு இப்பிடிச் செஞ்சு குடுத்திருக்கேன்."

அப்பா கதவிலிருந்து நகர்ந்து வந்தார். "உசுரோட இருக்க புள்ளயப் பெரிசாக்கி மாட்டவா? பொறவு மாலை போடுவீய, பொட்டு வைப்பீய. அதெல்லாம் வேண்டாம்ட்டி."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பம் நீங்க அவ முகத்தச் சொல்லுங்க. அவிய எழுதிக்கிடட்டும். சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அம்மா என்னை ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் நிறுத்தினாள். அக்காவின் பச்சைப் பாவாடையை அவள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அதைத்தான் எனக்குக் கட்டிவிட்டாள். நீளமாக இருந்தது, இடுப்பில் ரெண்டு சுற்றுச் சுருட்டிவிட வேண்டியிருந்தது. எனக்கு எப்போதும் ஒற்றைச் சடைதான். அன்று ரெட்டைச் சடை. ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் நாடியைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தேடியது என்னிடம் கிடைக்கவில்லை. கிடைத்தவரை போதும் என்று விட்டுவிட்டாள். ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள்.

ரெண்டு மாதம் கழித்துப் படம் வந்தது. முன்கூடத்தில் வைத்துப் போர்வையைப் பிரித்தார். கண்ணாடிக்குப் பின்னால் நான் இருந்தேன். நிறத்தை ஏற்றிக் கன்னத்தில் ரோஸ் பூசியிருந்தார். அக்கா காதில் ஈர்க்குச்சி போட்டுக்கொண்டு அலைந்தவள். படத்தில் ஜிமிக்கி, கழுத்தில் டாலர் வைத்த சங்கிலி, கையில் நாலு நாலு தங்க வளையல். மச்சத்துக்கு அவர் செய்திருந்ததுதான் வேடிக்கை. அம்மா அப்பா ரெண்டு பேரும் வருத்தப்படக்கூடாது என்று ரெண்டு கன்னத்திலும் ஒவ்வொரு மச்சம் வைத்திருந்தார். கீழே அக்காவின் பெயர் இருந்தது. பிறந்த தேதி அம்மாவுக்குத் தெரியாது. ஆண்டாள் தேருக்கு மறுநாள் பிறந்தாள் என்று சொல்லியிருந்தாள். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தோற்றம் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டிருந்தார். மறைவு மட்டும் சரியாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அக்கா போன அதே வருஷம், சில மாதம் கழித்து, நான் கிணற்றுப் படியில் விழுந்து இடது புருவம் பிளந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போதும் முடி கிடையாது, வெள்ளையாக ஒரு கோடு. படத்திலும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. வளையல் வரைக்கும் யோசித்து வரைந்தவர் அதை மட்டும் விட்டிருந்தார்.

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலேயே வளையல்களைத் தடவினாள். "நகை போட்டிருக்கா" என்றாள். சிரித்தாள். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவார். சாகிறவரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் படத்தைத் துடைத்து, நெற்றியில் குங்குமம் வைத்து, பூப்போட்டு, விளக்கு ஏற்றுவாள் அம்மா. முடிந்த கையோடு என்னைக் கூப்பிடுவாள். கிழக்கே பார்த்து நிற்கவைத்து, கைப்பிடி உப்பும் மூன்று மிளகாய் வத்தலும் எடுத்து, தலையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போடுவாள். உயிரோடு இருக்கிற பிள்ளை முகத்துக்கு மாலை போட்டோமே, அது பிள்ளைமேல் ஏறிவிடக்கூடாதே என்ற பயம் அவளுக்கு. வத்தல் நெடி வந்தால் திருஷ்டி இல்லை, வராவிட்டால் இருக்கிறது என்பார்கள். இருமல் வந்து நான் தும்மினால் அம்மா முகம் தெளியும். அங்கே மாலை, இங்கே உப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் இது தவறாமல் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பெண் ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "உனக்கு எதுக்குட்டி மாலை?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். மறுநாள் ஒவ்வொருத்தியாக வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கை சூடாகத்தான் இருக்கிறது என்று ஒருத்தி மற்றவர்களுக்குச் சொன்னாள். பிள்ளைகள் அப்படித்தான், ரெண்டு நாளில் மறந்துவிட்டார்கள். எனக்குத்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் தனியாகத் தூங்க மாட்டேன்.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றிவிட்டுக் கையைத் துடைத்தாள். நான் வழக்கம்போல அடுப்படியில் கிழக்கே பார்த்து நின்றேன். அவள் என்னைத் தாண்டிக் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிடப் போனாள்.

"எம்மா, எனக்குச் சுத்திப் போடலியே" என்றேன்.

"உனக்கு எதுக்குட்டி?" என்றாள்.

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். சுவரில் இருப்பது நான் என்பது அவள் மனசை விட்டே போய்விட்டது. அதில் இருப்பது அக்கா, நான் வேறு. பிறகு எனக்கு எதற்கு உப்பும் வத்தலும்? அம்மா தொழுவத்தில் இருந்தாள். நானே மூன்று வத்தலை எடுத்து, எனக்கு நானே தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுக்கொண்டேன். நெடி வந்ததா என்று இப்போது ஞாபகம் இல்லை. பயந்திருந்தேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் படக்காரர் மறுபடி வந்தார். அம்மா அவருக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்து, தெருவில் சாவு கண்ட வீடுகளை எல்லாம் கைகாட்டிவிட்டாள். அவர் சைக்கிளில் மூட்டையைக் கட்டும்போது நான் போய் நின்றேன்.

"என் தழும்ப ஏன் அழிக்கல?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "உனக்குன்னு ஒண்ணு அதுல இருக்கட்டும்னு விட்டேன் பாப்பா. பின்னால யாரும் கேட்டா நாந்தான்னு சொல்லிக்கிடலாம்லா."

நல்ல எண்ணம்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தப்பு என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார். தெரிந்து செய்துவிட்டு, ஓரமாக ஒரு கோட்டை விட்டுவைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அவர் சைக்கிள் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை.

என்னைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள். எனக்கு இருபத்தொன்று. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காப்பியைக் கையில் வாங்கினவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். அது யாரு என்றார். மூத்தவ, பத்து வயசுல போயிட்டா என்றாள் அம்மா.

அவர் படத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "தழும்பு ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா?"

"ஆமா" என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். "அவளும் கெணத்துப் படியிலதான் விழுந்தா."

அக்கா அந்தப் படியில் விழவே இல்லை. நான் விழுந்தபோது அவள் மண்ணுக்குள் இருந்தாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

அவர்கள் கார் தெரு திரும்பியதும் நாற்காலியைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். முற்றத்துக்குக் கொண்டுவந்து தலைக்கு மேலே தூக்கினேன். துணி துவைக்கிற கல்லில் அடித்து நொறுக்குவதுதான் என் எண்ணம். அம்மா ஓடிவரவில்லை, கத்தவும் இல்லை. நிலைப்படியில் நின்றாள்.

"போடு" என்றாள். "ஒருக்க நான் பொதைச்சேன். இந்த ஒருக்க நீ பொதை."

"இது நான்மா. நல்லாப் பாரு. இது அவ இல்ல, நான்."

"அப்பம் அவ எங்கட்டி?" என்றாள்.

கை வலிக்கிறவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே மாட்டினேன். ஒருபக்கம் சரிந்திருந்ததை அப்பா கண்ணைத் தாழ்த்திக்கொண்டே நேராக்கிவிட்டார்.

வேறு இடத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தபால் ஆபீஸில் வேலை கிடைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து சேர்ந்தேன். அப்பா போன பிறகு அம்மாவைக் கூட்டிவந்தேன். தன் துணிகளை ஒரு பையிலும் படத்தை மடியிலும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். எங்கே மாட்டட்டும் என்று கேட்டாள். என் வீட்டுக் கூடத்திலேயே ஆணி அடித்துக் கொடுத்தேன். அவளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. புத்தியெல்லாம் தெளிவுதான். பால்காரர் எத்தனை நாள் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. கண்ணில் புரை எடுத்த பிறகு பேப்பர்கூடப் படிக்கிறாள்.

போன மாதம் வன்னியம்பட்டியிலிருந்து அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. என் இரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாண ஆல்பத்தைப் பேரன் போனில் ஏற்றுவதற்காகப் பிரித்திருக்கிறான். ஒட்டியிருந்த ஒரு படத்துக்குப் பின்னால் இன்னொரு படம் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அக்கா போன புதிதில், அவள் முகம் எதிலாவது இருக்குமா என்று அம்மா அழுதுகொண்டே போய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்த அதே ஆல்பம்தான். இந்தப் படம் யார் கண்ணிலும் படவில்லை.

"உங்கக்கா இருக்காட்டி இதுல" என்றாள் அத்தை. "எம் பக்கத்துல நிக்கா. இடுப்புல உன்னயத் தூக்கி வச்சிருக்கா."

படம் என் போனுக்கு வந்தது. நான் திறக்கவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற படமா அது? சாயங்காலம் கீழரத வீதியில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். கடைக்கார அம்மாள் கவரில் போடப் போனார், வாங்கி அங்கேயே நின்று பார்த்தேன்.

மணக்கோலத்தில் அத்தை. ஓரமாக ஒரு பெண். கருப்பு. அப்பா சொன்னதுதான் சரி. மூக்கு சப்பையும் இல்லை, எடுப்பும் இல்லை. அகலமான நெற்றி, கொஞ்சம் உள்வாங்கின கண். கன்னத்தில் மச்சம் எதுவும் தெரியவில்லை, ஒருவேளை படத்தில் விழவில்லையோ என்னமோ. ஆறு வயதுப் பெண் ரெண்டு வயதுக் குழந்தையின் பாரம் தாங்காமல் ஒருபக்கமாக வளைந்து நிற்கிறாள். ஒரு கையால் என்னைப் பிடித்திருக்கிறாள், இன்னொரு கையால் பாவாடையை. என் சாடை துளிக்கூட இல்லை. இவள்தான் என்று உள்ளே ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. கடைவாசலில் யாரோ ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு உன்னைத் தூக்கிச் சுமந்தேனே என்று அவள் கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

ஆனால் அம்மாவுக்குத் தெரியும் என்று நம்பினேன். பெற்றவள். கண்ணை மூடி மூடித் தேடியவள். ஆட்டோவில் வரும்போது, பார்த்ததும் அவளுக்கு மயக்கம் கியக்கம் வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, அவளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, படத்தைக் கையில் கொடுத்தேன். யார் என்று சொல்லவில்லை. அவளே சொல்லட்டும் என்றிருந்தேன்.

அம்மா விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "நம்ம வன்னியம்பட்டிக்காரி கல்யாணம்லா இது" என்றாள். விரல் ஒவ்வொருவர் மேலும் ஊர்ந்து போயிற்று. அத்தையின் மாமனாரைச் சொன்னாள். பந்தலைப் பிடித்து நின்ற சமையற்காரரைக்கூடச் சொன்னாள். கடைசியில் ஓரத்துக்கு வந்தது விரல்.

"இடுப்புல இருக்கது நீயில்ல? ஆமா, நீதான். அழுமூஞ்சி. அன்னைக்குப் பூரா அழுத."

"ஆமாம்மா."

"உன்னயத் தூக்கி வச்சிருக்க புள்ள யாரு? மாப்ள வீட்டு ஆளா?"

அவள் இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாரு பெத்ததோ. எம்புட்டுக் கனம் நீ, இது தூக்கிக்கிட்டு நிக்கே."

"அக்காம்மா அது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னேன். "நம்ம அக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் உதடு எதையோ தேடுகிற மாதிரி அசைந்தது. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"போ ஏட்டி" என்றாள், படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு. "எம்புள்ள எனக்குத் தெரியாதா? அவ உன்னய மாதிரில்ல இருப்பா."

மாத்திரை போட நேரமாகிவிட்டது, தண்ணி எடுத்துட்டு வா என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். அவள் படுத்த பிறகு அத்தைக்குப் போன் செய்தேன். அது அக்காதான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா என்றாள் அத்தை, நான் தூக்கி வளத்த புள்ளடி, முகம் அப்பிடியே கண்ணுல நிக்கி. அவளுக்கு எழுபத்தாறு வயது. நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். வன்னியம்பட்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டேன்.